உள்ளே விட்ட துணி

ரூஸே நகரில், டான்யூப் ஆற்றங்கரைச் சந்தில் என் கடை.
இரண்டு எந்திரம், ஓர் ஆளுயரக் கண்ணாடி,
குளிர்காலத்தில் மட்டும் மூச்சு விடும் ஒரு ஹீட்டர்.
ஜிம்னாஸ்டிக் கூடத்துச் சிறுமிகளுக்கு
மேடை உடை தைக்கிறேன்.
ஓர் உடைக்கு நானூறு கண்ணாடிக் கற்கள்,
ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து ஒட்ட வேண்டும்.
என் கண் போனது அப்படித்தான்.

வளர்கிற பிள்ளைக்குத் தைத்தால்
எந்தத் தையல்காரியும்
இரண்டு விரல் துணி உள்ளே மடித்து விடுவாள்.
அடுத்த வருஷம் பிரித்துக் கொடுக்கலாம்.
பயிற்சியாளர் மிலூஷேவா முதல் நாளே சொல்லிவிட்டாள்:
"உள்ளே எதுவும் விடாதே.
மேடை வெளிச்சத்தில் மடிப்பு தெரியும்."

அளவு நோட்டில் பிலியானாவின் பக்கம், பேனாவால்:
பதினொரு வயது, இடுப்பு ஐம்பத்திரண்டு.
பன்னிரண்டு, ஐம்பத்திரண்டு.
பதின்மூன்றில், நாடாதான் இழுபட்டுப் போச்சோ என்று
புது நாடா வாங்கி அளந்தேன்.
ஐம்பத்திரண்டு.
"நல்லதாயிற்று, பழைய உடையே போதும்"
என்று மிலூஷேவா சிரித்தாள்.
பிலியானாவின் அம்மா சிரித்தாள்.
நானும்தான்.

பொய் சொல்லக் கூடாது.
எட்டு வயதில் பெயரைக் கேட்டால்
அம்மாவின் கோட்டுக்குள் புகுந்துகொண்டவள் அவள்.
இன்று டிராலிபஸ் வளைவில் திரும்பும்போது
நாங்கள் எல்லோரும் கம்பியைத் தேடுவோம்;
அவள் நின்றபடி பக்கம் புரட்டுவாள்.
அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்
வளையத்தை மேலே எறிந்து, திரும்பிப் பாராமல்,
முதுகுக்குப் பின்னால் பிடித்தாள்.
அந்தத் துணிச்சலைக் கொடுத்தது அந்தக் கூடம்.
மதியச் சாப்பாடாக அரை ஆப்பிள் கொடுத்ததும்
அதே கூடம்.

எதிர் வீட்டு ஸ்வேதோமிர் மூச்சிரைப்புக்காரன்.
மருத்துவர் சொல்லி, துடுப்புப் போடப் போனான்.
ஒரே கோடையில் பள்ளிச் சட்டை
தோளில் இரண்டு முறை கிழிந்தது.
ஆற்றிலிருந்து வந்ததும்
ஒரு முழு ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்குவானாம்.
அவன் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே கூலி கொடுப்பாள்,
அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

மார்ச்சில் பிலியானாவின் கணுக்காலில் கீறல்.
விழவில்லை. நடந்துகொண்டிருந்தாள்.
கால்வலி என்று போனவளுக்குக்
கையையும் படம் எடுத்தார்களாம்.
எலும்பு முனைகளில் மெல்லிய கறுப்புக் கோடுகள்,
வளர வேண்டிய இடங்கள், இன்னும் மூடாமல்.
"பிறந்து பதினான்கு வருஷம்.
எலும்புக்குப் பதினொன்றுதானாம்"
அம்மா என்னிடம் சொல்லவில்லை,
என் கண்ணாடியிடம் சொன்னாள்.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"அப்படியென்றால் உள்ளே துணி இருக்கிறது" என்றேன்.
அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

அக்டோபரில் பிலியானா தனியாக வந்தாள்.
ஒரு கையில் பாலாடைக்கட்டி வைத்த பனித்சா,
விரலெல்லாம் எண்ணெய்.
மறு கையில் அந்த நீல உடை.
"துணியில் படும்" என்று சொல்ல வாயெடுத்தேன்,
சொல்லவில்லை. தின்று முடிக்கட்டும்.

உயரம் ஏழு சென்டிமீட்டர் கூடியிருந்தது.
இடுப்பு ஐம்பத்தெட்டு.
எண்ணைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது;
முதுகு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.
"மறுபடி போகலாம் என்று இருக்கிறேன்.
இதைப் பிரித்துத் தர முடியுமா?"

உடையைப் புரட்டி விளக்கடியில் பிடித்தேன்.
என் கைத் தையல்தான். சுத்தமான தையல்.
பக்கவாட்டில், கையிடுக்கில், தொடை ஓரத்தில்
எங்கேயும்
ஒரு நூல் அகலம்கூட
நான் விட்டுவைக்கவில்லை.

"புதிதாகத்தான் தைக்க வேண்டும்" என்றேன்.
"எந்த அளவுக்கு?"

நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
மேசை இழுப்பறையைக் குடைந்து
ஒரு பென்சிலைத் தேடி எடுத்தேன்.