எப்படி விடும்?

பெயரிலேயே பொய்: கிளிப் இல்லாத பெடலாம்.
மிதித்தால் டக்கென்று கவ்விக்கொள்கிறது.

முதல் ஜோடி இரவல். பிரேமிளா காத்தன் கொடுத்தது.
மூன்று திருகில் நிற்கும் மஞ்சள் பிளாஸ்டிக்;
அந்த ஷூவோடு தரையில் நடந்தால் வாத்து.
"பழகிடும்" என்றாள். அவள் முட்டி அவளுக்கு.

ஞாயிறு, ஐந்தரை மணி, ஜேக்கப்ஸ் சாலை.
கரண்ட் இல்லை. ரோபோ செத்து நின்றது.
(டர்பனில் சிக்னலுக்கு அதுதான் பெயர்;
கை கால் எதுவும் கிடையாது.)
விளக்கு செத்தால் நாலு பக்கமும் நின்று,
முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும்.
நான் மூன்றாவது.
இடது காலைக் கழற்றினேன்.
உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது.

வேகம் பூஜ்யம். அவ்வளவு மெதுவாக
நான் எங்கும் விழுந்ததில்லை.
அடுப்பை அணைத்தேனா என்று யோசிக்கக்கூட
நேரம் இருந்தது.
மினிபஸ் டாக்ஸிக்குள்ளிருந்து பதினாலு பேர் பார்த்தார்கள்.
"ஷேம்!" என்றாள் ஜன்னலோரத்துப் பெண்.
இந்த நாட்டில் அதற்கு 'அடப் பாவமே' என்று பொருள்.
பள்ளிக்கூடத்து ஷேம் ஷேம்தான் காதில் விழுந்தது;
அவள் பொருளிலேயே வைத்துக்கொண்டேன்.
டாக்ஸிக்காரர் தன் முறையை எனக்கு விட்டார்,
எழுந்திருக்கத்தான் தாமதம்.
இன்னும் ஒரு கால் சைக்கிளோடு இருந்தது.

உம்பிலோ ரோட்டுக் கடையில் டெரிக் ஆறுமுகம்
பெடலைத் தராசில் வைத்தே பேசுகிறான்.
"இது கார்பன். ஜோடி இருநூற்று முப்பது கிராம்.
அது இரும்பு. நூற்றைம்பது கூட."
என் முதுகுப்பையில் இருக்கும் வாழைப்பழம் அந்த எடை.
"டிரையத்லானா? ஷூவைப் பெடல்லயே மாட்டி
ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தி வைங்க, ஆன்ட்டி.
கடல்லேர்ந்து வெறுங்காலோட ஓடிவந்து
ஏறும்போதே நுழைச்சுக்கலாம்."
செய்பவர்கள் செய்யட்டும்.
எனக்கு நாற்பத்தாறு. விரலிடுக்கெல்லாம் மணல் இருக்கும்.

நான் கேட்டது ஒன்றுதான்: எப்படி விடும்?

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன், பதினொரு வருடம்.
நாற்பதடிப் பெட்டி, நாலு மூலை, நாலு கொண்டி.
கால் வட்டம் திரும்பினால் பூட்டு.
பூட்டியதற்கு எனக்கு விளக்கு எரியும்.
கீழே லாரியின் கொண்டிகளுக்கு விளக்கில்லை.
ஒருநாள் மூன்று விட்டது, ஒன்று விடவில்லை;
பெட்டியோடு லாரியும் எழும்பிற்று,
உள்ளே சாண்டைல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.
ஒரு முழம் இருக்கும்.
இறக்கினேன். இருவரும் டீ குடித்தோம்.
அதைப் பற்றிப் பேசவில்லை.

டெரிக்கிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
ஸ்டாண்டில் சைக்கிளை ஏற்றச் சொன்னேன்.
கல்லாவைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன், கழற்றினேன்,
மாட்டினேன். குதிகால் வெளியே, குதிகால் வெளியே.
பின்னால் ஒருவர் டியூப் வாங்கக் காத்திருந்தார்.
முப்பது தரம் ஆனபின் வேறு கடைக்குப் போனார்.

இரும்பையே எடுத்தேன்.
இரண்டே திருகு, எந்தப் பக்கம் மிதித்தாலும் கவ்வும்.
"இது மலையில ஓட்டுறவங்களுது" என்றான்.
என் வலது முட்டி நேராக நிற்காது;
ஆறு டிகிரி ஆடவிட்டால் சண்டைக்கு வராது.
ஆலன் சாவியால் இறுக்கத்தைக் குறைக்கச் சொன்னேன்.
"இதுக்கு மேல குறையாது ஆன்ட்டி."
எதிர்க்கடைக்கு அந்த ஷூவோடே
காபி குடிக்க நடந்து போனேன், மனுஷி மாதிரி.

இந்த ஞாயிறு அதே முக்கு.
கரண்ட் இருந்தது. ரோபோ பச்சை.
நிற்க வேண்டிய அவசியமே இல்லை.
ஆனாலும் குதிகாலைத் திருப்பினேன்.
வலது, டக்.
இடது, டக்.
இரண்டு காலும் காற்றில் தொங்க
ஜேக்கப்ஸ் சாலையைச் சும்மா கடந்தேன்.
பின்னால் ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தது.