எதிர்பார்த்த கோப்பு

கிளாக்ஸ்விக் துறைமுகத்துக்கு மேலே இரண்டாம் மாடி.
ஜன்னலில் மழை, மழைக்குள் படகு விளக்குகள்.
காலை ஒன்பதாகியும் என் காபி குடிக்கப்படவில்லை.

படகுகள் கடலிலிருந்தே செய்தி அனுப்பும்:
யார், எங்கே, என்ன மீன், எத்தனை கிலோ, எவ்வளவு ஐஸ்.
அது இங்கே வந்து மூன்றாகப் பிரியும்.
ஏலக்கூடத்துக்கு ஒன்று,
மீன்வளத் துறைக்கு ஒன்று,
ஐஸ் ஆலைக்கு ஒன்று.
வழி மாறினால்
காட் மீனுக்கு ஐஸ் ஆலை கணக்குச் சொல்ல வேண்டிவரும்.
மாறாமல் பார்ப்பது என் சம்பளம்.

அதற்கு நிஜப் படகு தேவையில்லை.
ஒரு கோப்பில் பொய்ப் படகொன்று வைத்திருக்கிறேன்.
பெயர் லோம்விகி. தலைவன் ஹேயின்.
ஹாடக் மீன், நானூற்றுப் பன்னிரண்டரை கிலோ.
இன்னொரு கோப்பில்,
அந்தச் செய்தி அக்கரை ஏறும்போது
எப்படி இருக்க வேண்டும் என்பதை
எழுத்துக்கு எழுத்து எழுதி வைத்திருக்கிறேன்.
இரவு இரண்டு மணிக்கு, ஆளில்லாத அலுவலகத்தில்,
லோம்விகி கரை சேரும்.
வந்ததையும் வரவேண்டியதையும்
அருகருகே கிடத்தி இயந்திரம் பார்க்கும்.
ஆறு வருடமாகப் பச்சை.

இன்று சிவப்பு.
இருபத்தேழாம் வரி. ஹேயினின் பெயருக்கு நடுவே
ஒரு கேள்விக்குறி நின்றது.
அங்கே நிற்க வேண்டியது எங்கள் 'எட்',
கழுத்தில் கோடு கிழித்த எழுத்து.
எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம்.
ஹேயினுக்கு அம்மா இருந்திருந்தால்
அவளும் உச்சரித்திருக்க மாட்டாள்.
வாயில் வராத எழுத்துக்காக
முழு வழியும் நின்றுகிடக்கிறது.

டோர்கில் எட்டிப் பார்த்தான்.
"வந்ததை அப்படியே எடுத்து
வரவேண்டியதில் ஒட்டிவிடு, ரன்வா. பச்சையாகிவிடும்."
ஆகும்தான்.
செருப்புக்கு ஏற்பக் காலை வெட்ட
அதிக நேரம் ஆகாது.

ஒட்டவில்லை.
நேற்று யாரோ மாற்றிய எழுத்துருக் குறியீடு,
ஒரே ஒரு அமைப்பு வரி.
பதினொரு மணிக்குக் கேள்விக்குறி போய்விட்டது.

மூட வேண்டிய கோப்பை மூடாமல்
அடுத்த வரிக்குப் போனேன், ஏனென்று தெரியாது.
உள்ளே போனது நானூற்றுப் பன்னிரண்டரை.
வெளியே வந்தது நானூற்றுப் பன்னிரண்டரை.
வரவேண்டியதும் அதுவே.
மூன்றும் அச்சு அசலாக ஒன்று.

அப்படியானால் ஐஸை யார் கழித்தது?

உள்ளே அறுபது கிலோ ஐஸ் என்று நானே எழுதியிருக்கிறேன்.
ஏலத்துக்கு மீன் மட்டும் போக வேண்டும் என்பதும்
நான் அறிந்த விதிதான்.
வழியை எழுதியவள் நான்.
அது சரியென்று சாட்சி சொன்ன கோப்பையும் நான்தான் எழுதினேன்,
அதே மத்தியானம்,
அதே மறதியோடு.

படியிறங்கி ஏலக்கூடத்துக்குப் போனேன்.
தராசடியில் மர்னர், காதில் பென்சில்.
கேட்டேன்.
அவர் ஒரு நோட்டை எடுத்தார், அட்டையில் மீன் செதில்.
பக்கம் பக்கமாக எங்கள் எண்கள்,
ஒவ்வொன்றையும் அடித்து, பக்கத்தில் அவர் எண்.
"உங்கள் தாளில் எப்போதும் ஐஸும் சேர்ந்தே வரும்.
உங்களுக்கு அப்படித்தான் வேண்டும்போல என்று நினைத்தேன்."
ஆறு வருடம்.
கோபம்கூட இல்லை அவர் குரலில்.

நனைந்த கோட்டோடு மேலே வந்தேன்.
வரவேண்டிய கோப்பைத் திறந்து
முந்நூற்று ஐம்பத்திரண்டரை என்று அடித்தேன்.
நகல் இல்லை, ஒட்டல் இல்லை, விரலால்.
வழியை இன்னும் தொடவில்லை. அது நாளைக்கு.

"இன்றிரவு சிவப்பு வருமே" என்றான் டோர்கில்.
வரட்டும் என்றேன்.

இரண்டு மணிக்கு லோம்விகி வரும்,
அறுபது கிலோ அதிகமாக.
ஹேயின் தன் முழுப் பெயரோடு இறங்குவான்.
இயந்திரம் அவனை முதல்முறையாக நிறுத்தும்.