ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை

கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலக வாசலில்
என் தொடையைப் பார்த்துக் கூவியது
காவலரின் கைக்கருவி.
பெல்ட்டைக் கழற்று என்றார், கழற்றினேன்.
சாவி, சில்லறை, பீடி வைத்திருந்த தகர டப்பா.
மறுபடி கூவியது.
உள்ளே இருக்குதுங்க என்றேன்.
எட்டுப் பால்ரஸ் குண்டில் ஆறு
தருமபுரி ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணத்தில் விழுந்தன.
மிச்சம் இரண்டு
அஞ்செட்டி முதல் பஸ்ஸில்
டிக்கெட் எடுக்காமல் என்னோடு வந்திருக்கின்றன.

திங்கட்கிழமைக் கூட்டம்.
புங்கமரத்தடியில் மனு எழுதும் லூர்துமேரி
கார்பன் தாளை நீவியபடி கேட்டார்,
என்ன வேணும்?

மூணு வேணும்.
உரிமம் கேட்டு மூன்று வருஷமாக
ஆம் என்றோ இல்லை என்றோ
ஒரு தாளும் வராத சிக்கமாதனைப் போன்றவர்களுக்கு
பதில் சொல்ல ஒரு கெடு.
கூரையில் செருகிக் கிடப்பதைத்
தானே கொண்டுவந்து ஒப்படைப்பவன்மேல்
வழக்கு வேண்டாம்.
அப்புறம், குழாயும் மருந்தும் விற்கிறவனை,
சந்தையில் அவரைக்காய் மூட்டைக்குள் வைத்துத் தருகிறவனை,
யாராவது ஒரு நாள் கேட்கட்டும்.

ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கைதான் என்றார்.
மூணு எழுதினா மூணு ஆபீசுக்குப் பிரிச்சு அனுப்புவாங்க,
ஒண்ணும் போய்ச் சேராது.

யோசித்தேன்.
அன்று ராகிக் கொல்லை வரப்பில்
கறுப்புக் கம்பளி போர்த்திக் குந்தியிருந்தேன்,
எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை.
இருட்டில் நான் பன்றி.
சுட்ட சிக்கமாதனே தோளில் போட்டுக்கொண்டு
மூன்று கல் தூரம் ஓடினான்,
அழுததில் வழி தப்பி ஒருமுறை ஓடைக்குள் இறங்கினான்.
இப்போது தினமும் காலை பத்தரைக்கு
ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான்.
அவனுக்கு விற்றவன்
எங்கேயும் எதுவும் போடுவதில்லை.

விற்கிறவனைப் பற்றியே எழுதுங்க என்றேன்.

பத்தொன்பதாம் நாள் செல்போனில் பதில்.
மாநில வரம்புக்குள் வராது,
மனு முடித்துவைக்கப்பட்டது.
லூர்துமேரிக்குப் போன் போட்டேன்.
சட்டம் டெல்லியோடதாம், சந்தை நம்மோடது என்று சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் சொன்னார்,
ஊர் கூடி எழுதுங்க, தூக்கிப் போட யோசிப்பாங்க.

ஆகஸ்ட் பதினைந்து.
பள்ளிக்கூட வராந்தாவில் கிராம சபை.
மிட்டாய் தீர்ந்ததும் எழுந்தேன்.
தெருவிளக்கும் சாக்கடையும் முன்பே எழுதிவைத்த பக்கத்தில்
இடமில்லை என்றார் செயலர்.
ஓரத்தில் எழுதுங்க என்றேன்.
யாரும் வாய் திறக்கவில்லை.
திறந்தால் அவரவர் கூரையை
அவரவரே காட்டிக்கொடுத்த மாதிரி.
முனிரத்னப்பா மட்டும் கேட்டார்,
பன்னிக்கு யார்றா தீர்மானம் போடறது?
என்னிடம் பதில் இல்லை.
அவர் கொல்லையில் அந்த வருஷம்
அறுக்க ஒரு கட்டுகூட மிஞ்சவில்லை.
அதையும் சேர்த்து எழுதலாம் என்றேன்.

சிக்கமாதன் சம்சாரம் புட்டம்மா
இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டு
கையைத் தூக்கினாள்.
பிறகு கொஞ்ச நேரம் யாரும் இல்லை.
பிறகு பால் சொசைட்டிக்காரர். அங்கன்வாடி டீச்சர்.
பதினேழு என்று எண்ணினார் செயலர்.
சரிபார்க்க மறுபடி எண்ணியபோது பதினெட்டு.
முனிரத்னப்பா யாரையும் பார்க்காமல்
கையை நீட்டியிருந்தார்,
மழை வருகிறதா என்று பார்ப்பவர்போல.

தீர்மானம் எண் ஒன்பது.
பதிவுத்தபால் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.
டெல்லியிலிருந்து ஒன்றும் வரவில்லை.
கார்த்திகை பிறந்து ராகி கதிர் முற்றிவிட்டது.
பனி இறங்கினால் அந்த இரண்டும்
எலும்போரம் குளிர்கின்றன.

நேற்று ராத்திரி மேற்கே ஒரு சத்தம்.
பட்டாசோ, லாரி டயரோ.
பரணில் எழுந்து உட்கார்ந்தேன்.
அடுத்த சத்தம் வரும்வரை,
வராமல் விடியும்வரை,
டார்ச்சை என் முகத்திலேயே
அடித்துக்கொண்டிருந்தேன்.