முந்நூற்றுப் பத்து கிராம்

பிரசவ வார்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்ததைத்
தராசில் வைக்கிறேன்.
முந்நூற்றுப் பத்து.
ஐந்நூறை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

சீட்டில்: தில்ஷாத், இருபத்தாறு, வியாசர்பாடி.
முப்பத்தேழாம் வாரம்.
டிசம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது
ஐந்து நாள் காய்ச்சல்.
என்ன காய்ச்சல் என்ற கட்டத்தில் கேள்விக்குறி,
பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருக்கிறது.

கத்தியை வைத்தால் போகமாட்டேன் என்கிறது.
பஞ்சாய் இருக்க வேண்டியது
அங்கங்கே வெளுத்து
காய்ந்த சுண்ணாம்பாய் இறுகியிருக்கிறது.
ஜன்னலுக்கு வெளியே எழும்பூர் ரயில் கூவுகிறது,
தராசின் கடைசி எண் ஆடி நிற்கிறது.

வந்தது நச்சுயிரி.
வாசலில் நின்றது நஞ்சுக்கொடி.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே இனிஷியல்.
யார் வைத்த பெயரோ.
மாடு ஈன்றால் இளங்கொடி,
மனுஷி பெற்றால் நஞ்சு.

தடுத்ததா, வழிவிட்டதா?
வியாழக்கிழமை ஸ்லைடு சொல்லும், சொன்னால்.
இன்று கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான்:
பாதி உடம்பு அடைபட்ட பிறகும்
மீதியால் சோறு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.
பையன் ஒன்று தொள்ளாயிரம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் காலை உதைக்கிறானாம்.

பெட்டி கொண்டுவந்த முனியம்மாவிடம்
அவள் கேட்டுவிட்டிருக்கிறாள்:
“மழைத்தண்ணில நடந்தேனே, அதனாலயா?”

ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மஞ்சள் பையின் வாயைக் கட்டுகிறேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
மூன்றாம் மாடிக்கு நடக்கிறேன்,
லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை.