சங்குப்பிட்டியில் ஒரு மலை

அப்புத்தளைக் கிளைக்கு மாற்றம்.
ஒன்றாந் திகதி கடமையேற்கச் சொல்லி
வங்கிக் கடிதத்தில் இருந்தது.
ஏத்தம், பனி, வளைவுக்கு வளைவு லொறி என்று
கடிதத்தில் இல்லாததை எல்லாரும் சொன்னார்கள்.
அங்கத்தைய காசாளர் பரமேஸ் தொலைபேசியில்:
"ஏறுன கியர்லயே இறங்குங்க மேடம்,
பிரேக்க நம்பாதீங்க."

பதினொரு வருசமாய் ஓடுகிறேன்.
இந்த ஊரில் கார் நிற்பாட்டினால் நிற்கும்,
விட்ட இடத்தில், படுத்த மாடு மாதிரி.
ஹாண்ட் பிரேக்கில் தோள்பை கொழுவுவேன்,
அதுக்குத்தான் அது என்று.

மலை தேடினேன்.
கீரிமலையில் மலை பெயரோடு சரி,
மிச்சம் கடலுக்கு இறங்கும் படி.
கோண்டாவில் ரயில் கடவையில் ஏத்தம் உண்டு;
நின்று பழகத் தண்டவாளம் விடாது.
றோட்டை உயர்த்திக் காப்பெற் போட்ட பிறகு
எங்கள் படலை பள்ளத்துக்குப் போய்விட்டது.
அந்த ஆறடிச் சரிவில்
மூன்று பின்னேரம் ஏறி இறங்கியதில்
மதிலில் ஒரு கீறல், காரில் இரண்டு.

கடைசியில் சங்குப்பிட்டிப் பாலம்.
பக்கத்துச் சீற்றில் மச்சாள் நிரோஜினி,
மடியில் அரைச் சீமெந்துக் கல்:
"உருண்டால் குதிச்சு ரயருக்கு முண்டு குடுப்பன்."

ஏத்தத்தின் பாதியில் வேண்டுமென்றே நிறுத்தி
பிரேக்கை விட்டேன்.
கார் பின்னுக்குப் போனது.
அரை அடி இருக்கும்.
பூமிக்கு ஒரு பக்கம் உண்டென்று,
அது என்னைக் கேளாமல் இழுக்குமென்று
அந்த அரை அடியில்தான் தெரிந்தது.
ஹாண்ட் பிரேக்கைப் பிடித்திழுக்க
தோள்பை போய்க் கல்லில் விழுந்தது.

பின்னால் ஹோர்ன்.
மீன்பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரர்
எங்கள் பம்பரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு,
"எடு பிள்ளை, நான் பிடிச்சிருக்கிறன்."
எண்ணூறு கிலோ இரும்பை,
பாட்டாச் செருப்போடு.

சிரித்ததில் காலின் நடுக்கம் போயிற்று.
கிளச்சை மயிரிழை மயிரிழையாய் விட
ஓரிடத்தில் எஞ்சின் குரல் தடித்தது,
போனெற் மெல்ல நிமிர்ந்தது,
படுத்த மாடு எழும்புகிற மாதிரி.
அங்கேதான்.
முன்னுக்கும் இல்லை பின்னுக்கும் இல்லை.
கொஞ்சம் அங்கேயே இருந்தேன்,
ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.
பிறகு ஏறினோம்.

உச்சியில் போகிற போக்கில் பார்த்தேன்:
இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர்,
ஒரு சாய்வும் இல்லாமல்.

பரமேஸ் சொன்னபடி ஏறின கியரிலேயே
பூநகரிப் பக்கம் இறங்கினோம்.
"கல்லை எறியட்டோ?" என்றாள் மச்சாள்.
"வச்சிரு.
அப்புத்தளையில் நல்ல கல் கிடைக்குமோ தெரியாது."