மூடி வைத்த பின்

மார்ச்சில் வகுப்பு தொடங்கியது.
ஏப்ரலுக்குள் மூன்று மஞ்சள் பேனா தீர்ந்துவிட்டது.

வால்டிவியாவில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
தகரக் கூரையில் அது பெய்ய
கட்டுரைகளின் மேல் நான் மஞ்சளாய்ப் பெய்தேன்.
தலைப்பு மஞ்சள், முன்னுரை மஞ்சள்,
நான்காம் அட்டவணைக்குக் கீழே
பொடி எழுத்தில் கிடந்த ‘உலர் எடையில்’கூட மஞ்சள்.
நன்றியுரையில்
யாரோ ஒருவர் மனைவிக்கு நன்றி சொல்லியிருந்தார்.
அதையும் விடவில்லை.

என் பாடம் சதுப்புநிலப் பாசி.
தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப்
பிடித்து வைத்துக்கொள்ளும்.
பார்த்தால் தெரியாது.

யாஸ்னா படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்.
வாடகையில் பாதி அவளுடையது.
டீசல் வாடையோடு வருவாள்,
பூட்ஸை அடுப்போரம் கவிழ்த்து வைப்பாள்,
சூப்பைக் கிண்டியபடி கேட்பாள்:
“அதுசரி, என்னதான் கண்டுபிடித்தார் அந்த ஆள்?”
நான் பக்கத்தைப் புரட்டுவேன்.
“பார்க்காமல் சொல்.”
நாலு மணி நேரம் படித்தது
கடலில் கரைத்த பெருங்காயம்.

வியாழக்கிழமை கருத்தரங்கு, பத்து நிமிடம் பேச வேண்டும்.
பதினேழு நிமிடம் பேசினேன்.
கடைசி வரிசையிலிருந்து லெஃப்டராரு,
எங்கள் ஆய்வகத்தில் அதிகம் வாய் திறக்காதவன், கேட்டான்:
“ஏன் வடக்கு ஓரத்தில் மட்டும் தோண்டினார்கள்?”

அந்த வரி என்னிடம் இருந்தது.
ஆறாம் பக்கம், மேலிருந்து மூன்றாவது.
மஞ்சளாகத்தான் இருந்தது.

நான்காவது பேனா வாங்கப் போன அன்று
மே தினம், கடை மூடியிருந்தது.
கையில் பென்சில் துண்டு ஒன்று.
மேசையில் யாஸ்னா கொண்டுவந்த கட்டு:
தேதி பிழையாக அச்சான படகு டிக்கெட்டுகள்,
விறகு பற்றவைக்க.
பின்பக்கம் வெள்ளை.
மூன்று வரிக்குமேல் இடமில்லை.

கட்டுரையை மூடினேன். எழுதினேன்.
திறந்து பார்த்தேன்.
தப்பு.
முழுசாகத் தப்பு. அவர்கள் சொன்னதற்கு நேர் எதிர்.
அந்த டிக்கெட்டை அடுப்பில் போட்டேன்,
மறுநாள் அதே கட்டுரைக்கு இன்னொன்று எடுத்தேன்.
பாதி சரி.

பாசியையும் பிழிந்து பார்த்தால்தான் தெரியும்
எவ்வளவு பிடித்ததென்று.
ஆய்வகத்தில் தினமும் பிழிந்தவள்தான்.
ஏனோ உறைக்கவில்லை.

நுனிப்புல் மேய்வது வசை என்றிருந்தேன்.
இப்போது மேய்கிறேன், கூச்சமில்லாமல்:
முதலில் படங்கள், பிறகு முடிவுரை,
எனக்கு வேலையில்லை என்றால் அப்படியே எழுந்துவிடுகிறேன்.
வாரத்துக்கு இரண்டே இரண்டை
வேர்வரை தின்கிறேன்.
காலையில், ஒரு கூடை விறகு எரியும் வரை.
பிறகு குளிரும், மூளையும் விறைக்கும்,
உட்கார்ந்திருப்பதில் பயனில்லை.

எல்லா நாளும் ஓடுவதில்லை.
ஜூலையில் ஒரு வாரம்
டிக்கெட்டுகள் டிக்கெட்டுகளாகவே கிடந்தன.

ஆகஸ்டில் ஓர் இரவு யாஸ்னா கேட்டாள்.
பார்க்காமல் சொன்னேன்.
ஒரே மூச்சில், சூப் ஆறுவதற்குள்.
“இவ்வளவுதானா?
இதற்கா நாற்பது பக்கம்?” என்றாள்.
பிறகு கரண்டியை நிறுத்தி,
“ஆமாம், தெற்கு ஓரத்துக்கு என்ன கேடு?”

எழுந்து ஆறாம் பக்கத்தைத் திறந்தேன்.
முன்னும் பின்னும் பார்த்தேன்.
அடிக்குறிப்பு, பிற்சேர்க்கை, எங்கும் இல்லை.
அன்று எனக்கு மறந்துபோகவில்லை,
அவர்கள் சொல்லவேயில்லை.
வடக்கு வெயில் விழும் பக்கம், இந்த ஊரில்.
தெற்கில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை.

அந்த டிக்கெட்டில் ஒரே வரி எழுதினேன்,
கடைசியில் கேள்விக்குறி.

நவம்பரில் சதுப்பு கொஞ்சம் வடியும்.
கோரல் போகும் முதல் படகுக்கு
சரியான தேதியிட்ட டிக்கெட் ஒன்று
யாஸ்னா கிழித்துத் தந்தாள்.
காசு வாங்கிக்கொண்டாள்.