இப்ப எத்தனை?

செவ்வாய்க்கிழமை, பத்தேகால்.
பெரியாஸ்பத்திரியின் பின்கட்டில்
சுற்றுக்கு ஒருதரம் முனகும் காற்றாடிக்குக் கீழே
மிஸ் கேட்பா:
"பூச்சியத்திலயிருந்து பத்துக்குள்ள
இப்ப எத்தனை?"

எஞ்சின் என்றால் சொல்லிவிடுவேன்.
எந்தப் பிளக்கில் கரி, எந்த வளையம் தேய்ந்தது,
காதை வைத்தாலே போதும்.
கொட்பேயில் கேட்டுப் பாருங்கள் என் கையைப் பற்றி.
நெஞ்சுக்குள் ஓடுகிறதை
எந்த மீற்றரில் பார்க்கிறது?

பத்துக்கணக்கு எனக்குப் பழக்கமில்லை.
நான் சூடு பார்க்கப் பழகியது
கன்னியாவின் ஏழு கிணறுகளில்,
ஐயாவின் அந்தியேட்டி அன்று,
வாளி வாளியாய்:
சுடுவது, சுடாதது,
சுட்டும் பொறுக்கக்கூடியது.
"மூண்டாம் கிணறு" என்றேன்.
அவ சிரிக்கவில்லை.
கொப்பியில் அப்படியே எழுதினா.

என் பாய் வாசலுக்கு நேரே.
செருப்பு வெளிநோக்கி.
தலைமாட்டில் ஒரு சொப்பிங் பை:
அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம்,
இரண்டு பற்றறி, ஒரு பிஸ்கற் பக்கற்.
திகதி முடிந்தால் தவமலர் புதிது வாங்கி வைப்பாள்.
பதினாறு வருடத்தில் ஒருநாளும்
ஏன் என்று கேட்டதில்லை.

விடியப்புறம் யாரோ களவாய்
டைனமைற் போட்டு மீன் பிடிக்கிறான்.
தூரத்தில், கடலின் வயிற்றில் ஒரு குத்து.
காதுக்கு வருமுன் முழங்கால் மடிந்துவிடும்.
அவனுக்குச் சூடை மீன்.
எனக்கு மூதூர்த் துறை,
லோஞ்சை அவிழ்க்க நின்ற ஞானசீலன்,
அவன் கையிலிருந்த கயிறு.
பிறகு
கயிறு மட்டும்.

கண்ணில் படும் ஐந்து பொருள் சொல்லுங்கோ என்பா.
காற்றாடி. கலண்டர். உங்கட கண்ணாடி. ஜன்னல் கம்பி.
ஐந்தாவது எப்போதும் கிடைப்பதில்லை.

வெளி வாங்கில் காத்திருக்கையில்
மான் ஒன்று வந்து சாப்பாட்டுத் தாளைச் சவைக்கும்.
இந்த ஊர் மான்களுக்குக் காடு தெரியாது.
பஸ் ஹோர்ன் அடித்தால்
தோல் ஒருதரம் சிலிர்க்கும், அவ்வளவுதான்.
பிறகும் தாள்.
பொறாமையாய் இருக்கும்.

போன கிழமை, பின்றோட்டில்
ஏதோ கலியாணத்துக்குச் சீனவெடி கொளுத்தினார்கள்.
கண் திறந்தபோது மேசைக்குக் கீழே இருந்தேன்.
கதிரைக் கால், தூசி, ஒரு பேனை மூடி.
எதிரே
முக்காடு சரிந்து
இரண்டு கையாலும் தலையைப் பொத்தியபடி
மிஸ்.

தோப்பூரில் பிறந்தவ என்று தெரியும்.
வேறொன்றும் தெரியாது.
கேட்கிறது அவவின் வேலை.

வெடி ஓய்ந்தது.
"மிஸ், இப்ப எத்தனை?" என்றேன்.
நாலெண்ணி இழுத்தா, ஆறெண்ணி விட்டா,
எனக்குச் சொல்லித்தந்தபடியே.
"அஞ்சாம் கிணறு" என்றா.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
கதவைத் திறந்த தாதி
எங்கே இவர்கள் என்று கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றா.
ஐந்தாவது பொருள்: பேனை மூடி.

சுகமா என்றால் தெரியாது.
கடலில் இன்னும் வெடிக்கிறது.
முழங்கால் இன்னும் மடிகிறது;
முந்தி வெயில் ஏறும்வரை மடிந்தே கிடக்கும்,
இப்போது கேத்தில் கொதிக்குமுன் நிமிர்கிறது.
ஞானசீலனின் பெயரை
இரண்டுமுறை சத்தமாய்ச் சொல்லியிருக்கிறேன்.
ஒன்று அந்த அறையில்.
மற்றது, கழற்றிப்போட்ட ஒரு யமஹா எஞ்சினிடம்.

நேற்றிரவு பிஸ்கற் பக்கற்றை உடைத்தேன்.
தவமலர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"இன்னும் மூண்டு மாசம் கிடக்கு."
"கிடக்கட்டும். பசிக்குது."
ஆளுக்கு நாலு,
தேத்தண்ணியில் தொட்டு,
ஒன்றும் பேசாமல் தின்றோம்.

பை இன்னும் தலைமாட்டில்தான்.
கொஞ்சம் மெலிந்து.